ஒரு முழம் நூல்

எங்கள் கூடத்தில் இருந்த இருபத்திரண்டு பெண்களும் ஒரு பல்லுக்காகக் காத்திருந்தோம். அப்பல் எங்களுள் எவருக்கும் உரியதன்று. தையலக்காவின் ஏழு வயது மகளுடைய மேல்வரிசை முன்பல் அது. அது ஆடத் தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. அதனைத் தன் தாய்தான் பிடுங்க வேண்டும், அதுவும் தாயின் தையல் நூலால்தான் பிடுங்க வேண்டும் என்று அச்சிறுமி அறிவித்திருந்தாள். அவளை வளர்த்துவந்த சித்தி கையை அருகில் கொண்டுசென்றால் வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கின் வழியே கத்துவாளாம்.

தாயோ எங்களோடு பூட்டிய கதவுக்குள் இருந்தார்.

கூடம் என்பது ஒரு நீண்ட அறை. இருபுறமும் பதினொன்று பதினொன்றாக இரும்புக் கட்டில்கள். நடுவில் ஒரு மேசை. ஒரு பக்கச் சுவரில் திறக்க இயலாத ஐந்து சன்னல்கள். உரிய தாள்கள் இன்றி வேலை செய்தோம் என்பதற்காகச் சிலரும், தாள்களின் காலம் முடிந்த பின்னும் தங்கினோம் என்பதற்காகச் சிலரும் அங்கே வைக்கப்பட்டிருந்தோம். 'இது சிறைச்சாலை அன்று' என்று வாயிற்புறச் சுவரில் எழுதியிருந்தது. எங்கள் கூடத்தில் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கண்டக்டர் ஒருவரே. "பஸ்ஸில இது பஸ்ஸுன்னு எழுதுறது இல்ல. ரயில் இல்லன்னும் எழுதுறது இல்ல" என்று அவர் முதல் நாளே கூறிவிட்டார்.

கண்டக்டர் என்பவர் ஊரில் பேருந்து நடத்துநராக இருந்தவர். பின்னர் இங்கு வந்து பேருந்துகளைக் கழுவியவர். பணிமனையில் ஓட்டுநர்களோடு வாதாடி வாதாடியே அதிகாரிகளின் மொழியைக் கற்றுக்கொண்டார். தையலக்கா ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினோர் ஆண்டுகள் சட்டைக் கழுத்துப்பட்டை தைத்தவர். நான் ஒரு விடுதியில் அறைகளைப் பெருக்கிப் படுக்கை விரித்தவள். ஆகையால் கண்டக்டர் எனக்கு 'விரிப்பு' எனப் பெயர் சூட்டினார். என்னைப் பெற்றவர்கள் இட்ட பெயர் அதன்பின் காவலர்களின் பட்டியலில் மட்டுமே வழங்கிற்று.

உலகமெங்கும் நோய் பரவிய ஆண்டு அது. உறவினர் வந்து பார்க்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. வாரத்திற்கு இருமுறை பத்து நிமிடம் தொலைபேசியில் பேசலாம். ஆயினும் மூன்றாம் சன்னலில் நின்றால் வேலிக்கு அப்பால் சாலையும், சாலைக்கு அப்பால் ஒரு பேருந்து நிறுத்தமும் தெரியும். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குத் தையலக்காவின் தங்கை அச்சிறுமியை அங்கே அழைத்துவருவாள். ஒலி எங்களை எட்டாது. எனவே சிறுமி கையையும் காலையும் ஆட்டிக் கூறுவனவற்றையெல்லாம் கண்டக்டர் குரல் கொடுத்து எங்களுக்கு உரைப்பார். "சித்தி என்னை நேத்து தலைக்குக் குளிப்பாட்டினா, கண்ணுல சோப்பு போச்சு, இதெல்லாம் நல்லா இல்ல" என்று அவர் கூறும்போது உண்மையிலேயே அக்குழந்தை அதைத்தான் சொல்கிறாளா என எவரும் ஐயுற்றதில்லை.

அந்நாளில் முகக்கவசங்களுக்குப் பெருந்தட்டுப்பாடு. எனவே நிர்வாகம் எங்கள் கூடத்தின் மூலையில் ஒரு தையல் இயந்திரத்தையும் ஓர் இஸ்திரிப் பெட்டியையும் வைத்து, பழைய படுக்கை விரிப்புகளை வெட்டிக் கவசம் தைக்குமாறு தையலக்காவைக் கேட்டுக்கொண்டது. கவசத்துக்கு மூன்று மடிப்புகள். அவை நேராக நிற்க வேண்டுமானால் இஸ்திரி போட்டே ஆகவேண்டும். அப்பெட்டியை எவரும் எடுத்துச் சென்றுவிடாதவாறு மேசையோடு சங்கிலியால் பிணைத்திருந்தனர். கூடத்தில் சங்கிலி பூட்டப்பட்டிருந்தது அதற்கு மட்டுமே. ஆகவே கண்டக்டர் அதனைக் 'கைதி' என அழைத்தார்.

கைதிக்கு ஒரு குறை இருந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடைந்து போயிருந்தது. ஒரு நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். மறு நேரம் துணியைக் கருக்கிவிடும். இத்தகைய பெட்டியைக் கையாள்வோர் சிலர் நீர் தெளித்துப் பார்ப்பர். தையலக்காவின் முறை வேறு. ஒவ்வொரு கவசத்தையும் அழுத்துமுன் பெட்டியைத் தூக்கித் தம் நெற்றிக்கு நேரே நான்கு விரற்கடைத் தொலைவில் ஒரு கணம் நிறுத்துவார். தொழிற்சாலையில் அனைவரும் அவ்வாறே செய்வராம். நெற்றிக்கு இதமாக இருந்தால் துணிக்கும் இதம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அவர் பக்கத்தில் நின்று வேலை செய்த எனக்கும் அப்பழக்கம் ஒரே வாரத்தில் தொற்றிக்கொண்டது. தொற்றுவது நோய் மட்டுமன்று.

ஒரு புதன்கிழமை, தையலக்காவை வெளியே விடலாம் என ஆணை வந்தது. கூடமே எழுந்து நின்று கைதட்டிற்று. மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நாள்தோறும் கட்டில் கட்டிலாக வந்து நெற்றிச் சூட்டை அளக்கும் செவிலியம்மா, கண்டக்டரின் நெற்றிக்கு நேரே துப்பாக்கி போன்ற தம் கருவியை நீட்டினார். அது முப்பத்தொன்பதைக் காட்டியது. கண்டக்டருக்கு வந்தது ஐயத்திற்கு இடமில்லாத காய்ச்சல், இருமலோடு கூடியது. பத்து நாட்கள் தனியறையில் கிடந்து, முன்னிலும் உரத்த குரலோடு அவர் திரும்பிவந்தார் என்பதை இங்கேயே கூறிவிடுகிறேன்.

விதி யாதெனில், காய்ச்சல் கண்ட கூடத்திலிருந்து பதினான்கு நாட்களுக்கு எவரும் வெளியேறலாகாது. இடையில் வேறொருவருக்குக் காய்ச்சல் கண்டால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இவ்விதியை எங்களுக்குப் படித்துக் காட்டியவர் கூடத்தின் பொறுப்பதிகாரி. அவருடைய கால்சட்டையின் முன்மடிப்பு காய்கறி நறுக்கும் அளவிற்குக் கூர்மையாக இருக்கும். எனவே எங்களிடையே அவர் பெயர் 'மடிப்பு ஐயா'. அவர் நல்லவரா தீயவரா என்று கேட்டால் விடை கூறுதல் கடினம். எதைக் கேட்டாலும் விதிநூலில் அது எத்தனையாம் பக்கம் என்று கூறுபவர் அவர்.

தையலக்கா தொலைபேசியில் மகளிடம் பதினான்கு நாள் என்றார். அவள் அதனைக் கணக்குப் பாடமாக ஏற்றுக்கொண்டாள். அந்த ஞாயிறு பேருந்து நிறுத்தத்தில் 11 என எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். அடுத்த ஞாயிறு 4. அட்டையைக் கீழே வைத்துவிட்டு, முகக்கவசத்தை இறக்கி, வாயைத் திறந்து, நாவால் அப்பல்லைத் தள்ளிக் காட்டினாள். பல் முன்னே சென்று பின்னே வந்தது. அவ்வளவு தொலைவில் ஒரு பல் ஆடுவது கண்ணுக்குத் தெரியாது எனச் சிலர் கூறக்கூடும். நாங்கள் பார்த்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் எனக்குக் காய்ச்சல் என்று கருவி கூறிற்று. முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. எனக்குத் தலைவலி இல்லை, இருமல் இல்லை, பசி மட்டும் இருந்தது. இவற்றுள் எதனையும் எவரும் கேட்கவில்லை. நான் தனியறைக்குக் கொண்டுசெல்லப்பட்டேன். நான்கு நாட்களுக்குப் பின் எனக்கு நோய் இல்லை எனச் சோதனை முடிவு வந்தது. ஆயினும் விதிநூலில் 'காய்ச்சல்' என்றுதான் உள்ளது, 'நோய்' என்று இல்லை எனக் கூறி மடிப்பு ஐயா எண்ணிக்கையை மாற்ற மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் கூடத்திற்குத் திரும்பிய வேளையில் கண்டக்டரும் ஏற்கெனவே திரும்பியிருந்தார். "வாம்மா விரிப்பு. போறவளையும் போக விடாம பாயை விரிச்சிட்டியே" என்றார். அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். பிறகு தையலக்காவின் கட்டிலருகே சென்று நின்றேன். அவர் தமக்குக் கிடைத்த பழத்தில் பாதியை நான்கு நாட்களாக எனக்கென எடுத்துவைத்திருந்தார். அது கறுத்துப் போயிருந்தது. "உடம்பு நம்ம சொல்பேச்சு கேக்குமா? சாப்பிடு" என்று மட்டும் கூறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டையில் 8 என்று இருந்தது. சிறுமி அதனைத் தூக்கிப் பிடிக்கவில்லை; காலுக்கருகே தொங்கவிட்டிருந்தாள். அடுத்த தொலைபேசி அழைப்பில் தாயிடம் அவள் கேட்டதைத் தையலக்கா எங்களுக்கு அப்படியே சொன்னார்: "நாலுக்கு அப்புறம் எட்டா? அம்மா, அங்க யாருக்குமே பின்னாடி எண்ணத் தெரியாதா?"

பல்லின் நிலையும் மோசமாகிக்கொண்டிருந்தது. அது இப்போது ஒரு பக்கம் மட்டுமே ஒட்டிக்கொண்டிருப்பதாகவும், கதவைப்போலத் திறந்து மூடுவதாகவும் செய்தி வந்தது. அவள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஓரமாக விழுங்கினாள். பள்ளியின் கணினி வகுப்பில் வாய்விட்டுப் படிக்க மறுத்தாள். இரவில் வாயை மூடித் துணியால் கட்டிக்கொண்டு படுத்தாளாம், உறக்கத்தில் பல்லை விழுங்கிவிடலாகாதே என்று. "பல்லைக் கடிச்சிக்கிட்டு பொறுத்துக்கோன்னு அவகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க" என்றார் கண்டக்டர்.

அன்றுமுதல் கூடம் அடைகாக்கும் கோழியைப்போல் ஆயிற்று. காலை பத்து மணி வரை எவரும் ஓடலாகாது, சண்டையிடலாகாது, வெயில் படும் கட்டிலில் அமரலாகாது எனக் கண்டக்டர் சட்டம் இயற்றினார். சிரித்தாலும் உடல் சூடேறும் என்பது அவர் கருத்து. அவரே ஏதேனும் கூறிச் சிரிக்கவைத்துவிட்டு, பின்னர் வரிசையாக எங்களை அதட்டுவார். இவ்வாறாக ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு எனப் பச்சைக் கோடுகள் செவிலியம்மாவின் பட்டியலில் ஏறின.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் தையலக்கா வெளியேறலாம். அன்று மாலை மகள் 1 என்ற அட்டையோடு வருவாள்.

அக்கா விடியுமுன்னரே எழுந்துவிட்டார். தைத்து முடித்த எண்பது கவசங்கள் இஸ்திரிக்காகக் காத்திருந்தன. வழக்கமாக மாலையில்தான் அவ்வேலை நடைபெறும். ஆனால் அன்று மாலை மூன்றாம் சன்னலுக்கு உரியது. மறுநாளோ பயணத்துக்கு உரியது. குறை வேலையைப் பிறர் தலையில் சுமத்திச் செல்ல அவருக்கு மனமில்லை. பத்து மணிவரை சும்மா இருக்கவேண்டும் என்னும் சட்டத்தைக் கண்டக்டர் நினைவூட்டினார். அக்கா அவருடைய கன்னத்தைத் தட்டிவிட்டுப் பெட்டியை மின்செருகியில் பொருத்தினார். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி இருக்கும்போது அதை எதிர்த்துச் சட்டம் பேச எவருக்கும் வாய் வராது. நாங்கள் கவசங்களை எடுத்துக்கொடுத்தோம், அடுக்கினோம். பெட்டி நெற்றிக்கு எழுந்தது, துணியில் இறங்கியது, மீண்டும் எழுந்தது. எண்பதாவது கவசம் முடியவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

அக்காவின் கட்டில் வரிசையில் முதலாவது. செவிலியம்மா கருவியை நீட்டினார். பார்த்தார். மறுபடியும் நீட்டினார்.

அது முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.

செவிலியம்மா எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார். அக்கா தம் நெற்றியைத் தாமே தொட்டுப் பார்த்தார். அவர் அழவில்லை. வேலிக்கப்பால் இருந்த பேருந்து நிறுத்தத்தை நோக்கி, "பல்லு தாங்காதே" என்றார்.

மடிப்பு ஐயா வரவழைக்கப்பட்டார். விதிநூலின் நாற்பதாம் பக்கத்தைப் படித்தார். அக்கா ஒரு மணி நேரத்திற்குள் தனியறைக்குச் செல்லவேண்டும். கூடத்தின் எண்ணிக்கை நாளை ஒன்றிலிருந்து தொடங்கும். அக்கா கதவருகே தனியே நிறுத்தப்பட்டார். அவருடைய துணிமணிகளைப் பையில் கட்டும் பொறுப்பு எனக்கு வந்தது.

கட்டினேன். பிறகு இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாகவே இருப்பதைக் கண்டு அணைக்கச் சென்றேன். அணைக்குமுன், மேசையில் ஒரே ஒரு கவசம் மடிப்புக் கலைந்து கிடந்ததால், அதனை அழுத்திவிடலாமென்று பெட்டியைத் தூக்கினேன். கை தானாக அதனை நெற்றிக்குக் கொண்டுசென்றது. அங்கேயே நின்றுவிட்டேன்.

எனக்குக் காய்ச்சல் வந்த திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய மாலையில் மின்சாரம் இல்லை. அதனால் அன்று காலையில் இஸ்திரி போட்டவள் நான். பத்து மணி வரை போட்டவள் நான். அதன் பிறகு நேற்றுவரை காலையில் எவரும் பெட்டியைத் தொட்டதில்லை. இன்று தொட்டவர் அக்கா.

கண்டக்டரை அழைத்து இதனைக் கூறினேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "அட பாவி. குத்தவாளி கைதிதானா?" என்றார்.

அவர் மடிப்பு ஐயாவிடம் சென்று இரண்டு மீட்டர் தொலைவில் நின்று எல்லாவற்றையும் விளக்கினார். ஐயா அனைத்தையும் கேட்டுவிட்டு, பத்து மணிக்குக் கருவி காட்டியதே கணக்கு என்றார். அப்படியானால் நேரில் பாருங்கள் என்று அவரிடம் கூறி, கண்டக்டர் எனக்குச் சைகை செய்தார். நான் பெட்டியை நான்கைந்து முறை நெற்றிக்கு நேரே பிடித்து இரண்டு கவசங்களை அழுத்தினேன். செவிலியம்மா அளந்தார். முப்பத்தெட்டு புள்ளி மூன்று.

மடிப்பு ஐயா தலையசைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். அவரோ எழுதுகோலை எடுத்து, இரண்டாவது காய்ச்சல் என என் பெயரையும் எழுதத் தொடங்கினார்.

கண்டக்டருக்குச் சினம் வந்தால் அவர் கத்துவதில்லை, வரிசையில் நிற்பார். அது பேருந்துப் பழக்கமாக இருக்கலாம். அவர் பேசாமல் சென்று இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு இன்னொருத்தி நின்றாள். சிறிது நேரத்தில் கூடத்தின் கடைசி வரை வரிசை நீண்டது. "இருபத்திரண்டு பேருக்கும் காய்ச்சல்னு எழுதச் சொல்றேன். பேனாவுல மை இருக்கான்னு மட்டும் கேட்டுக்கறேன்" என்று எங்களிடம் தமிழில் கூறிவிட்டு, அதனை மரியாதையான சொற்களால் ஐயாவிடம் மொழிபெயர்த்தார்.

ஐயா எழுதுவதை நிறுத்தினார். வரிசையைப் பார்த்தார். இஸ்திரி போடுவதால் காய்ச்சல் வருமென்றால் உலகில் ஒருவரும் நலமாக இருக்க இயலாது, தாம் நாள்தோறும் காலையில் தம் ஆடைக்குத் தாமே இஸ்திரி போடுபவர், தமக்கு ஒருநாளும் காய்ச்சல் கண்டதில்லை என்றார். அதனை மெய்ப்பிப்பதற்காகவே மேசைக்கு வந்து, கையுறையை இழுத்துவிட்டு, முகத்தகட்டை மேலேற்றி, ஒரு கவசத்தை விரித்துப் பெட்டியை வைக்கப்போனார்.

கதவருகே நின்ற தையலக்கா தம்மை மறந்தார். "ஐயா, சூடு பாக்காம வைக்காதீங்க, கருகிடும்" என்றார். கையால் நெற்றியைக் காட்டினார்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துணி கருகும் என்பதை மடிப்பின் அருமை அறிந்தவர் எவரும் விளங்கிக்கொள்வர். அவர் பெட்டியைத் தம் நெற்றிக்கு நேரே தூக்கினார். சற்றே புருவம் உயர்த்தினார். பொறுத்தார். பிறகு அழுத்தினார். அம்மடிப்பு உண்மையிலேயே அழகாக இருந்தது. அக்கா தொலைவிலிருந்தே 'நன்று' என்பதுபோல் தலையசைத்தார். ஐயா இன்னொன்றை எடுத்தார். மறுபடியும் நெற்றி, மறுபடியும் துணி. மூன்றாவதற்குள் அவர் எதை மெய்ப்பிக்க வந்தார் என்பதை மறந்துவிட்டார் என்றே கருதுகிறேன். ஆறாவது கவசத்தின் ஓரத்தை அவர் விரல் நுனியால் நீவிக்கொண்டிருந்தபோது செவிலியம்மா பின்னாலிருந்து வந்து கருவியை நீட்டினார்.

அவர் அந்த எண்ணை உரக்கப் படித்தார். பிறகு இருமுறை திருப்பிப் படித்தார். முப்பத்தெட்டு புள்ளி நான்கு. அன்றைய நாளின் மிக உயர்ந்த அளவு அதுவே.

கண்டக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நாப்பதாம் பக்கப்படி ஐயா பதினாலு நாள் எங்ககூட தங்கணும். சன்னலோரக் கட்டில் வேணுமா, கதவோரமான்னு கேக்கறேன்" என்று எங்களிடம் அறிவித்துவிட்டு, அப்படியே கேட்டார்.

முதலில் சிரித்தவர் செவிலியம்மா. அவருடைய முகத்தகடு முழுவதும் ஆவி படர்ந்துவிட்டது. பின்னர் கூடம் சிரித்தது. பத்து மணி கடந்துவிட்டதால் சிரிப்பதற்குத் தடையும் இல்லை. மடிப்பு ஐயா மட்டும் சிரிக்கவில்லை. விதிநூலைத் திறந்து நாற்பதாம் பக்கத்தை மறுபடியும் படித்தார். பிறகு, எங்களுக்குத் தெரிந்தவரையில் முதன்முறையாக, அப்பக்கத்தைப் புரட்டி நாற்பத்தொன்றுக்குச் சென்றார்.

அங்கே இருந்தது. வேலையாலோ வெயிலாலோ உடல் சூடேறியிருக்கக்கூடும் எனத் தோன்றினால், அவரை நிழலில் அரை மணி நேரம் அமரவைத்து மீண்டும் அளக்கவேண்டும்.

மூன்று நாற்காலிகள் இரண்டு மீட்டர் இடைவெளியில் போடப்பட்டன. தையலக்கா, நான், மடிப்பு ஐயா என மூவரும் அமர்ந்தோம். அந்த அரை மணி நேரம் எவரும் எங்களருகே வரவில்லை. ஒருத்தி தொலைவிலிருந்து துணியால் விசிற முயன்றபோது, அது விதியில் இல்லை என ஐயாவே தடுத்தார். அக்கா கண்களை மூடிக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. வேண்டுகிறார் என எண்ணினேன். பின்னர் கேட்டபோது, பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்ததாகக் கூறினார்.

அக்காவை முதலில் அளந்தனர். முப்பத்தாறு புள்ளி ஆறு. எனக்கும் அதுவே. ஐயாவுக்கு முப்பத்தாறு புள்ளி எட்டு.

கூடத்தில் எழுந்த ஒலியைக் கேட்டு வெளியிலிருந்த காவலர் கதவுக்கு ஓடிவந்தார்.

இத்துடன் நின்றிருந்தால் அக்கா மறுநாள் வெளியேறியிருப்பார். அதுவும் எங்களுக்குப் போதுமானதே. ஆனால் கண்டக்டர் பயணச்சீட்டுப் புத்தகத்தை இருபதாண்டுகள் சரிபார்த்தவர். ஐயா கதவை நெருங்கியபோது அவர் இன்னும் ஒரு கேள்வி உண்டு என்றார். இன்று அக்காவுக்கு வந்தது காய்ச்சல் இல்லை என்றால், அந்தத் திங்கட்கிழமை எனக்கு வந்ததும் காய்ச்சல் இல்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தை அன்று எவரும் புரட்டவில்லை. எனக்கு நோய் இல்லை எனச் சோதனையும் கூறிற்று. ஆகவே கடைசி மெய்க்காய்ச்சல் தமக்கே உரியது. அது வியாழக்கிழமை. அன்றிலிருந்து என் திங்கட்கிழமை வரை பதினொரு நாளும், அதன்பின் பதின்மூன்று நாளுமாக இன்றோடு இருபத்துநான்கு நாள். பதினான்கு நாள் முடிந்து பத்து நாள் ஆகிறது.

மடிப்பு ஐயா விரல்விட்டு எண்ணினார். தாளில் எழுதிக் கூட்டினார். விதியை வளைக்கத் தெரியாதவர் அவர். அதனாலேயே இதுவரை எங்களை வாட்டினார். இப்போதும் அவருக்கு வளைக்கத் தெரியவில்லை. இருபத்துநான்கு என்னும் எண்ணைப் பார்த்தபின் பதின்மூன்று என்று கையொப்பமிட அவரால் இயலாது. தொலைபேசியில் இருமுறை பேசினார். இரண்டரை மணிக்கு, கூடத்தின் தனிமை முடிந்தது எனக் கையொப்பமிட்டார்.

தையலக்கா அன்றே செல்லலாம். கூடத்தின் தனிமையால் அடுத்த புதனன்று நடைபெறுமா நடைபெறாதா என்றிருந்த கண்டக்டரின் விசாரணையும் இனி நடைபெறும். அதைப்பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வெளியேறுவோரின் பொருள்களைப் பட்டியலிடுவது வழக்கம். ஐயா மேசையருகே அமர்ந்து எழுதினார். மேலாடை இரண்டு. சீப்பு ஒன்று. மகள் வரைந்த படம் மூன்று. இவற்றின்பின் அக்கா தையல் இயந்திரத்தைப் பார்த்தார். நூற்கண்டு நிர்வாகத்துக்கு உரியது. அதனை எடுத்துச் செல்லலாகாது. எனினும் சிறிது நூல் வேண்டுமெனக் கண்டக்டர் வழியாகக் கேட்டார். காரணத்தையும் கூறினார். ஐயா எழுதுகோலை நிறுத்தி, எவ்வளவு என்று வினவினார். அக்கா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து காட்டினார். ஐயா தாமே கண்டிலிருந்து இழுத்து, தம் கையில் அளந்து, நீளம் சரியாக உள்ளதா எனப் பார்த்து, கத்தரித்துக் கொடுத்தார். பிறகு பட்டியலின் கடைசி வரியில் எழுதினார்: வெள்ளை நூல், ஒரு முழம்.

அக்கா எங்களிடம் விடைபெற்றதை நான் விரிவாக எழுதப்போவதில்லை. எண்பது கவசங்களில் எட்டு, ஐயாவும் நானும் மறுபடி போட்டவை என்று கூறிவிட்டு என் நெற்றியில் தம் உள்ளங்கையை வைத்தார். "சூடு இல்ல" என்றார். அவ்வளவே.

நான்கு மணிக்கு நாங்கள் இருபத்தொரு பேரும் மூன்றாம் சன்னலில் அடைந்து நின்றோம். சிறுமி 1 என எழுதிய அட்டையைத் தலைக்குமேல் தூக்கியவாறு சித்தியோடு வந்தாள். வழக்கம்போல் சன்னலில் தாயைத் தேடினாள். காணவில்லை. நாங்கள் எல்லோரும் கையை ஆட்டினோம். அவள் ஆட்டவில்லை. அட்டை மெல்ல இறங்கத் தொடங்கியது. "எங்க அம்மா எங்கே, இத்தனை பேர் எதுக்கு எனக்கு" என்றார் கண்டக்டர், அவள் குரலில்.

நாங்கள் அனைவரும் ஒருங்கே வலப்பக்கம் கை காட்டினோம். அவள் திரும்பினாள்.

தையலக்கா வாயிலைக் கடந்து சாலையின் ஓரத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

அட்டை எங்கே விழுந்தது என்று எவரும் பார்க்கவில்லை. அந்த ஓட்டத்தையும் அந்த அணைப்பையும் எழுத எனக்குத் தெரியாது. கண்டக்டரே குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று மட்டும் கூறுகிறேன்.

நெடுநேரம் கழித்து அவர்கள் நிறுத்தத்தின் இருக்கையில் அமர்ந்தனர். சிறுமி முகக்கவசத்தை இறக்கி வாயைத் திறந்தாள். அக்கா பையிலிருந்து நூலை எடுத்து, அவள் பல்லில் சுருக்கிட்டார். சிறுமி அவர் கையைப் பிடித்து நிறுத்தி ஏதோ கட்டளையிட்டாள். கண்டக்டருக்குக் குரல் திரும்பியது. "ஒழுங்கா பின்னாடி எண்ணு. நாலுலேருந்து எண்ணு. எட்டுக்கெல்லாம் போகக் கூடாது."

அக்கா இடக்கையை உயர்த்தினார். நான்கு விரல்கள். நாங்கள் சன்னலுக்குள் நான்கு என்றோம். மூன்று விரல்கள். மூன்று என்றோம்.

இரண்டு வரவே இல்லை. அக்காவின் வலக்கை சட்டென்று பக்கவாட்டில் சென்றது. நூலின் நுனியில் ஏதோ ஒன்று வெயிலில் மின்னிற்று.

சன்னல் கண்ணாடி அதிரும்படி நாங்கள் கூவினோம். சிறுமி நூலைப் பிடுங்கி, பல்லைத் தூக்கி எங்களுக்குக் காட்டினாள். காவல் வாயிலில் நின்ற மடிப்பு ஐயாவுக்கும் காட்டினாள். அவர் தொப்பியைச் சற்றே தொட்டார். பிறகு அவள் தாயின் பக்கம் திரும்பி, இரு விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, ஒற்றைக் காலால் தரையை உதைத்தாள்.

"ரெண்டு எங்கே, ஒண்ணு எங்கேன்னு கேக்கறா" என்றார் கண்டக்டர்.